வரையத் தொடங்கும் முன் ஒரு குடும்பத்தின் அன்றாடத்தை எவ்வாறு கவனிக்கிறீர்கள்?

வரைமேசை, அடையாறு:

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் சிறிய அளவில் கட்டடக்கலைத் தொழில் செய்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மடிப்பாக்கம், கொளத்தூர், அம்பத்தூர் போன்ற பகுதிகளில் அரை கிரவுண்டு மனை வைத்திருப்பவர்கள். அந்த 1,200 சதுர அடியில் சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டு, வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, சம்ப் எனப்படும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, மழைநீர்க் குழி ஆகியவற்றுக்கு வழி கண்டு, வாஸ்துப்படி சமையலறையைத் தென்கிழக்கிலும் பூஜை அறையை வடகிழக்கிலும் வைத்த பிறகு, கட்டடக்கலைஞர் என்ற முறையில் நான் தீர்மானிப்பதற்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாக இருந்து வந்தது. முகப்பு மட்டுமே மிஞ்சுகிறது என்பது பலருடைய எண்ணம். கைப்பேசியில் சேமித்து வைத்த படங்களைக் காட்டி, 'எலிவேஷன் இப்படி வர வேண்டும்' என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, நம் படைப்பாற்றல் முழுவதும் அந்த முன்சுவரின் அகலத்துக்குள் அடங்கிவிட்டதாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால், ஒரு வீட்டின் புதுமை அங்கே ஒரு நாள் நடந்து முடியும் விதத்திலிருந்துதான் பிறக்க முடியும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். சென்னையில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் வாங்காத வீடு அரிது. நிரம்பிய கேனின் எடை 20 கிலோவுக்கு மேல். கேன் போடுபவர் அதைத் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். அங்கிருந்து அதை உருட்டிக்கொண்டோ தூக்கிக்கொண்டோ சமையலறைக்குக் கொண்டுசெல்பவர் யார், முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அதைத் தூக்கிக் கவிழ்ப்பவர் யார், காலிக் கேன் மறுமுறை எடுத்துச் செல்லப்படும் வரை எந்த மூலையில் நிற்கிறது என்பனவெல்லாம் அந்த வீட்டின் அன்றாடத்தில் நிச்சயமாக நிகழும் செயல்கள். இருந்தும், நான் பார்த்த வீட்டு வரைபடங்களில் கேனுக்கென்று ஓர் இடம் குறிக்கப்பட்டதாக நினைவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி, காலி சிலிண்டர், இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி மூட்டை, கோலமாவு டப்பா, மழைக்காலத்து ஈரக் குடை ஆகிய அனைத்தின் நிலையும் இதுவே. இவை எல்லாம் வீடு கட்டி முடிந்த பிறகு தாமாக ஏதோ ஓரிடத்தில் ஒதுங்கிக்கொள்கின்றன. நாம் அழகாக வரைந்த நடைவழி அத்துடன் பாதியாகக் குறுகிவிடுகிறது.

இவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ள ஒரு வினாத்தாள் தயாரித்துக் கொடுத்துப் பார்த்தேன். வந்த பதில்கள் அந்தக் குடும்பம் வாழ விரும்பும் வாழ்க்கையைச் சொல்லின. வாழ்ந்துகொண்டிருக்கும் வாழ்க்கை அவற்றில் வெளிப்படவில்லை. 'எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம், ஆறு பேர் அமரும் மேசைக்கு இடம் வேண்டும்' என்று எழுதியிருந்த ஒரு குடும்பத்தின் வாடகை வீட்டுக்குச் சென்றபோது, அங்கிருந்த உணவு மேசையின் மீது மடிக்கணினி, பாட்டியின் மருந்து டப்பா, மின்கட்டண அட்டை, பிள்ளையின் பள்ளிப் புத்தகங்கள் ஆகியவை பரவிக் கிடந்தன. சாப்பாடு தொலைக்காட்சிக்கு எதிரே பாய் விரித்துத் தரையில் நடந்தது. அந்த மேசை அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அவ்வீட்டின் அலுவலகமும் பள்ளிக்கூடமும் அதுவே. ஆனால், அந்த வேலைகளுக்கு வேண்டிய வெளிச்சமும், மின் இணைப்பும், கைக்கெட்டும் அலமாரியும் உணவு மேசைக்கு வேண்டியவற்றிலிருந்து வேறானவை. ஆகவே, புதிய வீட்டின் கூடத்தில் கிழக்கு ஜன்னலுக்கு அடியில் எட்டடி நீளத்துக்குச் சுவரோடு ஒட்டி ஒரு பலகையை அமைத்தேன். அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இத்தகைய கவனிப்பை ஒவ்வொரு வேலையிலும் முறையாகச் செய்வது எப்படி என்பதே என் கேள்வி. தங்கள் வீட்டுக்குள் வந்து பார்ப்பதற்குச் சிலர் தயங்குகிறார்கள்; அந்தத் தயக்கம் நியாயமானது. இன்றைய பழக்கத்துக்கு மிக நெருக்கமாக வீட்டைத் தைத்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகள் வெளியூர் சென்று, பெற்றோர் முதுமையடைந்த பிறகு அதே வீடு பொருந்தாமல் போய்விடாதா என்ற ஐயமும் எனக்கு உண்டு. அனுபவம் உள்ளவர்கள் மட்டுமல்லாமல், வீடு கட்டியவர்களும் வாடகை வீட்டில் வசிப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் மிகவும் பயன்படும்.

முற்றம், மயிலாப்பூர்:

அன்புள்ள வரைமேசை அவர்களுக்கு,

தங்கள் கேள்வியைப் படித்ததும் பின்லாந்தின் கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்டோ நினைவுக்கு வந்தார். 1933-இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையை அவர் வடிவமைத்தபோது, நாள் முழுவதும் படுத்தே இருக்கும் நோயாளியின் பார்வையிலிருந்து அறையைச் சிந்தித்தார். நிற்பவரின் கண்ணுக்குச் சுவர் எப்படியோ, படுத்திருப்பவரின் கண்ணுக்கு விட்டம், அதாவது மேற்கூரையின் அடிப்பக்கம், அப்படி. ஆகவே, விட்டத்துக்குக் கண்ணை உறுத்தாத வண்ணம் தேர்ந்தெடுத்தார். விளக்கின் ஒளி நேராகக் கண்ணில் விழாதவாறு அதன் இடத்தை மாற்றினார். ஓர் அறையில் இருவர் தங்கியதால், ஒருவர் கை கழுவும்போது மற்றவரின் உறக்கம் கலையாதிருக்க, நீர் ஓசையின்றி வழியும் வகையில் கழுவு தொட்டியின் சாய்வைத் தனியாக வடிவமைத்தார். அந்த மருத்துவமனையின் முகப்புப் படங்களைக் கல்லூரியில் அனைவரும் பார்க்கிறோம். எனக்கு அந்தக் கழுவு தொட்டியின் சாய்வே அவருடைய மேதைமைக்குச் சான்றாகத் தெரிகிறது.

இனி, என் நடைமுறையைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் இப்போது வசிக்கும் வீட்டை அளந்து வரைவதை என் வேலையின் முதற்கட்டமாகவே வைத்திருக்கிறேன். புதிய வீட்டுக்கு எவ்விதத்திலும் தேவைப்படாத அந்த வரைபடத்துக்கு ஏன் இத்தனை நேரம் என்று அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதுண்டு. அந்த வரைபடத்தில் சுவர்களை மெல்லிய கோட்டில் போட்டுவிட்டுப் பொருள்களை அழுத்தமாக வரையச் சொல்வேன். கதவுக்குப் பின்னால் தொங்கும் பைகள், குளிர்சாதனப் பெட்டியின் தலையில் அடுக்கிய டப்பாக்கள், ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு, சுவரில் பின்னர் அடிக்கப்பட்ட ஆணிகள் ஆகிய ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். ஓர் ஆணி எந்த உயரத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது என்பது, அதை அடித்தவரின் கை எவ்வளவு எட்டும், அவர் எந்தப் பொருளை எந்த அவசரத்தில் எடுக்கிறார் என்பதைக் காட்டிவிடும். அந்த ஆணிகளையும் கயிறுகளையும் அக்குடும்பமே செய்துகொண்ட வடிவமைப்பாகக் கருதி, உரிய மரியாதையோடு அணுக வேண்டும்.

வீட்டுக்குச் செல்லும் நேரமும் முக்கியமானது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சென்றால் ஒழுங்குபடுத்திய கூடத்தைத்தான் பார்ப்போம். அனுமதி கிடைக்குமானால், பள்ளி நாளின் காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை மணி வரை ஓர் ஓரமாக அமர்ந்திருக்க முயல்வேன். தயங்குகிறவர்களிடம் வற்புறுத்துவதில்லை. அவர்களிடம், 'உங்கள் வீட்டில் முதலில் எழுபவர் யார், அவர் எழுந்தவுடன் எந்த விளக்கைப் போடுகிறார், அந்த வெளிச்சம் யாருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது' என்று கேட்கத் தொடங்கினால் போதும். ஒன்றைத் தொட்டு ஒன்றாக முழு வீடும் வெளிவந்துவிடும். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால் படம் காட்டுவார்கள். 'எது எரிச்சலூட்டுகிறது' என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

அரை கிரவுண்டு மனையில் மிஞ்சுவது என்ன என்று தாங்கள் எழுதியதைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளில் பல, இருபுறமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர்களைக் கொண்ட, ஒடுங்கிய, நீண்ட வீடுகள். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கவே வாய்ப்பில்லாத அந்த நெருக்கடியிலிருந்துதான் திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடை), முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி என்ற வரிசை உருவாயிற்று. தெருவில் வருகிறவர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதை அந்த வரிசையே நிர்ணயித்தது. மேற்கூரையோ தேக்கு உத்தரங்களின் மீது சிறிய செங்கற்களைச் செங்குத்தாகவும் மூலைவாட்டாகவும் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதற்கும் மேல் தட்டோடு பதித்துச் செய்த மெட்ராஸ் டெரஸ். அந்தத் தடிமனான தளத்தைக் கடந்து பகல் வெப்பம் எளிதில் கீழே இறங்குவதில்லை. இன்று நாம் போடும் ஐந்தங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் படுக்கையறைக்குள் இறக்குகிறது என்பதை மேல்மாடியில் வசிக்கும் எவரும் கத்திரி வெயில் காலத்தில் அனுபவித்திருப்பார்கள்.

அதே தீர்வுகளை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. ஆறடிக்கு ஆறடி திறந்தவெளி ஒன்றை மாடிப்படியை ஒட்டி வைத்து, படிக்கட்டின் தலைப்பகுதியில் வெப்பக் காற்று வெளியேறத் திறப்பு விட்டால், ஒடுங்கிய மனையிலும் கூடம் மூச்சுவிடும். புதுச்சேரியில் கோல்கொண்டே விடுதியைப் பார்க்காதவர்கள், உரிய அனுமதி பெற்று ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். கட்டடக்கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நாகஷிமா போன்றோர் உடனிருந்து 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய அந்தக் கட்டடத்தில் வடக்கு, தெற்குப் பக்கங்கள் முழுவதும் திறந்து மூடக்கூடிய கிடைப்பலகைகளே ஜன்னலாகவும் சுவராகவும் அமைந்துள்ளன. தங்குபவர் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் தம் கையால் அவற்றைத் திருப்பி வைத்துக்கொள்கிறார். இந்தக் கடற்கரையின் வெயிலையும் காற்றையும் இத்தனை பொறுமையாகக் கவனித்த நவீனக் கட்டடம் வேறொன்று எனக்குத் தெரியாது.

கொளத்தூர் வாசி:

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் கட்டடக்கலை படித்தவள் அல்லள். 850 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறேன். வாடகை வீட்டில் வசிப்பவர்களும் எழுதலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். கட்டடக்கலைஞர் வீட்டுக்கு வந்து பேசும்போது பெரும்பாலும் யாரோடு பேசுகிறார்? கூடத்தில் ஆண்கள் அமர்ந்து பேசுவார்கள். நாங்கள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்போம். 'கிச்சன் எப்படி வேண்டும்' என்று ஒரு வார்த்தை கேட்கப்படும். 'பெரியதாக இருக்கட்டும்' என்று கணவர் பதில் சொல்லிவிடுவார். என் அக்கா வீடு கட்டியபோது அப்படித்தான் நடந்தது. சமையல் மேடைக்கு அருகில் நின்று, கையில் கரண்டியோடு இருக்கும்போது எங்களிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டுவேலை செய்யும் அம்மாவிடமும் கேளுங்கள். எந்த இடத்தில் துடைப்பான் நுழைவதில்லை, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, பாத்திரம் தேய்க்கும்போது முதுகு ஏன் வலிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அளவைப் பற்றிச் சொல்கிறேன். என் உயரம் ஐந்தடி. எங்கள் வீட்டுச் சமையல் மேடை 34 அங்குலம். அதன் மேல் அடுப்பு, அதன் மேல் பெரிய குழம்புச் சட்டி வைத்தால் உள்ளே பார்க்க எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டியோ மேடைக்குள் இறங்கியிருப்பதால் அங்கே மட்டும் குனிய வேண்டும். அடுப்பு வைக்கும் பகுதியைச் சற்றுத் தாழ்த்தி, தொட்டி இருக்கும் பகுதியைச் சற்று உயர்த்திக் கட்டினால் என்ன என்று மேஸ்திரி ஒருவரிடம் கேட்டபோது, கிரானைட் ஒரே மட்டமாக இருந்தால்தான் பார்க்க அழகு என்றார். பார்க்கிறவர் ஒருவர், நிற்கிறவர் வேறொருவர் என்பதே இதில் உள்ள சிக்கல் என்று நினைக்கிறேன்.

எங்கள் சமையலறையில் காலை வேளையில் ஒருவர் மட்டும் நிற்பதில்லை. நான் அடுப்பருகில் இருப்பேன். மாமியார் தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவார். மகள் தண்ணீர் பாட்டில் நிரப்ப வருவாள். இரண்டு மேடைகளுக்கும் நடுவே மூன்றடிதான் உள்ளது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் மூவரும் நின்றுவிட வேண்டும். கூடுதலாக ஓரடி கொடுத்திருந்தால், கூடத்தில் அந்த ஓரடி குறைந்ததை நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம்.

பால்கனி மூன்றடி அகலம். அங்கே ஏசி இயந்திரம் இரண்டு, சலவை இயந்திரம், துளசித் தொட்டி, துணிக்கொடி. ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாமல் மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துப் போடுகிறோம். விருந்தினர் வந்தால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். விற்பனைக் கையேட்டில் அந்தப் பால்கனியில் இருவர் அமர்ந்து தேநீர் அருந்துவது போலப் படம் போட்டிருந்தார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் சமையலறை வாஸ்துப்படி தென்கிழக்கு மூலையில், அடுப்புக்கு நேர் பின்னால் ஜன்னலோடு இருக்கிறது. பிற்பகலில் காற்று வரும்போது ஜன்னலைத் திறந்தால் அடுப்பு அணைகிறது. தாளிக்கும் நெடி முழுவதும் படுக்கையறை வரை போகிறது. மூடினால் நிற்க முடியாத புழுக்கம். புதிதாகக் கட்டுகிறவர்களாவது இதை எப்படித் தவிர்க்கலாம்?

தூக்குக்குண்டு, ஆவடி:

நான் கட்டுமானப் பொறியாளர்; பெரும்பாலும் தனி வீடுகளும் சிறு அடுக்குமாடிகளும் கட்டி வருகிறேன். மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால், இரண்டு இடங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

அரை கிரவுண்டு மனையில் கட்டுகிறவர்களில் பலர் வங்கிக் கடன் தவணைக்காகவே ஒரு தளத்தை வாடகைக்கு விடத் திட்டமிடுகிறார்கள். அந்தத் தளத்தில் யாருடைய அன்றாடத்தைக் கவனித்து வரைவது? வாடகைக்கு வரப்போகிறவரை நமக்குத் தெரியாது. அவரும் சில ஆண்டுகளில் மாறிவிடுவார். ஒரு குறிப்பிட்ட பாட்டிக்காகத் திட்டமிட்ட மூலை, அடுத்து வருகிறவருக்கு இடைஞ்சலாகிவிடும். மேலும், குடும்பமே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் புது வீடு கட்டுகிறது. தரையில் அமர்ந்து சாப்பிட்டவர்கள் முழங்கால் வலி காரணமாக மேசைக்கு மாற விரும்பினால், 'நீங்கள் உண்மையில் தரையில்தான் அமர்கிறீர்கள்' என்று நாம் தீர்மானித்துவிடக் கூடாது.

பத்து ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்ற ஐயத்துக்குக் கட்டுமானத்தில் பதில் இருக்கிறது. தூண்களையும் உத்தரங்களையும் ஓரங்களில் நிறுத்திக்கொண்டால், உள்ளே இருக்கும் நாலரை அங்குலச் சுவர்கள் பாரம் தாங்குவதில்லை. பின்னாளில் அவற்றை எடுக்கலாம், மாற்றலாம். தூணே இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் வீடுகளில் இதைச் செய்ய முடியாது என்பதை உரிமையாளரிடம் எழுத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. கழிப்பறைத் தளத்தைத் தாழ்த்தி வார்ப்பதால் அதை மட்டும் பின்னர் நகர்த்துவது மிகக் கடினம். ஆகவே, கழிப்பறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் ஆகிய நீர் புழங்கும் பகுதிகள் அனைத்தையும் ஒரே பக்கமாக, மாடிக்கு மாடி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, குழாய்களை ஆள் நுழைந்து பழுது பார்க்கும் அளவுக்கு ஓர் இடைவெளியில் இறக்க வேண்டும். ஜன்னலின் மேல்மட்டத்தில் வரும் லிண்டல் என்ற கான்கிரீட் உத்தரத்தைத் துண்டு துண்டாகப் போடாமல் சுற்றிலும் தொடர்ச்சியாக வார்த்துவிட்டால், பின்னாளில் அதற்குக் கீழே புதிதாக ஒரு ஜன்னலோ கதவோ திறந்துகொள்வது எளிது. இப்போது பயன்படாத மின்குழாய் இரண்டையாவது ஒவ்வோர் அறைக்கும் வெறுமையாக விட்டு வையுங்கள்.

தண்ணீர்க் கேனைப் பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. வாசலிலிருந்து சமையலறை வரை இடையில் நிலைப்படியோ தளமட்ட வேறுபாடோ இல்லாமல் இருந்தாலே, சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு போய்விடலாம். அதே வழி பின்னாளில் சக்கர நாற்காலிக்கும் பயன்படும்.

வரைமேசை, அடையாறு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

தூக்குக்குண்டு அவர்களின் மறுப்பு எனக்கு மிகவும் உதவியது. பழக்கத்தைப் பதிவு செய்வதும் அந்தப் பழக்கத்தையே சுவராக எழுப்பிவிடுவதும் ஒன்றாகாது என்பதை ஏற்கிறேன். இதைப் பற்றி யோசிக்கும்போது இந்தோரில் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு நினைவுக்கு வருகிறது. அங்கே எளிய குடும்பங்களுக்கு அடித்தளம், நீர் இணைப்பு, கழிப்பறை உள்ளிட்ட ஒரு மையப் பகுதி அமைக்கப்பட்டது. மற்ற அறைகளை அந்தந்தக் குடும்பம் தன் வசதிக்கும் காலத்துக்கும் ஏற்பச் சேர்த்துக்கொண்டது. எவை பின்னர் மாற முடியாதவையோ அவற்றில் நம் முழுக் கவனத்தையும் செலுத்தி, எவை மாறக்கூடியவையோ அவற்றைத் திறந்தே விட்டுவைப்பது அரை கிரவுண்டு வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். மாற முடியாதவற்றின் பட்டியலில் காற்று வரும் வழியையும், படிக்கட்டின் இடத்தையும், நீர்ப் பகுதிகளையும் வைக்கிறேன். சமையல் மேடையின் உயரத்தை நிற்பவரின் முழங்கையிலிருந்து அளந்து தீர்மானிக்கலாம். வாடகைத் தளமாக இருந்தாலும் நடைவழியின் அகலத்தில் கை வைக்கக் கூடாது.

கொளத்தூர் வாசி அவர்களுக்கு, ஆண்களோடு மட்டும் கூடத்தில் பேசுவதைப் பற்றித் தாங்கள் எழுதியது என் தொழிலின் மிக முக்கியமான குறைகளில் ஒன்றைத் தொடுகிறது. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காகக் கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே லிகோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை, இன்றைய மாடுலர் கிச்சன் அனைத்துக்கும் முன்னோடி. ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல் நடக்கும் விதத்தை ஆராய்ந்து, நடக்கும் அடிகளைக் குறைத்து, ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவில் அதை அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. ஆனால், அது ஒருவர் மட்டும் நின்று வேலை செய்வதற்கான அறை. தாங்கள் சொன்ன அந்த மூன்று பேரும் அதில் இல்லை. தரையில் அரிவாள்மனையோடு அமர்பவரையும் கணக்கில் கொண்ட ஒரு சமையலறையை நம் ஊரில் நாம்தான் வரைய வேண்டும். இப்போது என் மேசையில் இருக்கும் மடிப்பாக்கம் வீட்டில், இரு மேடைகளுக்கு நடுவே நான்கரை அடி விட்டுத் தொடங்கியிருக்கிறேன்.

தென்கிழக்குச் சமையலறையின் காற்றைப் பற்றி எனக்கும் தெளிவான விடை தேவை. முற்றம் ஐயா அவர்கள் அதையும், வடக்கு ஜன்னல்களுக்கு மேலே வெயில் தடுக்க நீட்டும் சன்ஷேடு பலகை வேண்டுமா என்பதையும் விளக்கினால் நன்றாயிருக்கும். வடக்கில் வெயில் படாது, எனவே தேவையில்லை என்று உரிமையாளர் சொல்கிறார்.

முற்றம், மயிலாப்பூர்:

வடக்கு ஜன்னலிலிருந்து தொடங்குகிறேன். உரிமையாளர் சொல்வது வட இந்தியாவில் பெருமளவு பொருந்தும், இங்கே பொருந்தாது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்குப் புறமாகத்தான் நிற்கிறது. மிகக் கடுமையான வெயில் மாதங்கள் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நண்பகல் கதிர் ஏறக்குறையத் தலைக்கு மேலிருந்து இறங்குவதால் இரண்டடி சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து தாழ்வாக வரும் கதிருக்கு மேலே உள்ள பலகை பயன்படாது. ஜன்னலின் இரு பக்கங்களிலும் செங்குத்தாக ஓரடிப் பலகை நீட்ட வேண்டும். வடமேற்கை நோக்கிய ஜன்னலுக்கு இதைக் கட்டாயமாகவே செய்யுங்கள்.

சமையலறைக்கு வருவோம். கோடையில் கடற்காற்று நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து தொடங்குகிறது. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்த நாட்களில் தாமதமாகவே வரும். கொளத்தூர், ஆவடி போன்ற மேற்குப் பகுதிகளை அது சற்றுப் பிந்தியே எட்டும். ஆகவே, தென்கிழக்குச் சமையலறை என்பது காற்று வீட்டுக்குள் நுழையும் வாயிலிலேயே அடுப்பை வைப்பதாகிறது. வாஸ்துவை உரிமையாளர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்றால், மூலையை மாற்றாமலே செய்யக்கூடியவை உண்டு. அடுப்பைக் கிழக்குச் சுவரில் வைத்து, ஜன்னலை அதற்குப் பின்னால் வைக்காமல் தெற்குச் சுவரில் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நுழையும் காற்றுக்கு வெளியேறும் வழியும் சமையலறைக்குள்ளேயே இருக்க வேண்டும். நான் முன்பு சொன்ன ஆறடித் திறந்தவெளியைச் சமையலறையின் மேற்கு அல்லது வடக்குச் சுவரைத் தொடுமாறு நகர்த்தி, அந்தச் சுவரில் விட்டத்தை ஒட்டி ஓரடி உயரத்துக்குத் திறப்பு விட்டால், நெடி படுக்கையறைப் பக்கம் திரும்பாமல் மேலே ஏறிவிடும். கூடத்துக்குரிய காற்றைச் சமையலறை வழியாகக் கொண்டுவராமல், கிழக்குச் சுவரில் கூடத்துக்குத் தனியாக ஒரு ஜன்னல் கொடுங்கள். ஏற்கெனவே கட்டிய வீட்டில் வசிக்கும் கொளத்தூர் வாசி அவர்கள், ஜன்னலின் கீழ்ப்பாதிக் கதவுகளை மூடி மேற்பாதியை மட்டும் திறக்கும்படி தச்சரிடம் இரண்டாகப் பிரித்துக்கொண்டால், அடுப்பு அணைவதாவது நிற்கும்.

அந்தத் திறந்தவெளியின் மேல் கம்பி வலையோடு, பக்கங்களில் காற்றுக்கு இடம்விட்டு, கண்ணாடித் தகடு ஒன்றை உயர்த்தி அமைத்தால், ஐப்பசி மழையிலும் அங்கே நான்கைந்து கொடிகளில் துணி உலர்த்தலாம். வடகிழக்குப் பருவமழைச் சாரல் சாய்ந்து அடிக்கும் என்பதால் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் தகட்டை இரண்டடி கூடுதலாக நீட்டுங்கள். மடிப்பாக்கம் வீட்டின் வரைபடம் தயாரானதும் இங்கே பதிவிடுங்கள். படிக்கட்டும் திறந்தவெளியும் சேரும் இடத்தில் தரைச்சரிவை எந்தப் பக்கம் கொடுப்பது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.